தொட்டிற் கயிறும் தோணிக் கயிறும்

தூத்துக்குடியில் மகள் வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தபோது, ஓர் இரவு இஷாத் தொழுகை முடித்துத் திரும்பினேன். அவள் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. "வாப்பா, ஒன்று கேட்கிறேன்; கிதாபைப் பார்த்துச் சொல்லுங்கள். பிள்ளையை அழவிட்டுத் தானாகத் தூங்கப் பழக்குவது பாவமா?" என்றாள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மதரஸாவில் ஓதிக் கொடுத்து வருகிறேன். தண்ணீரின் வகைகள் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்; பயணத் தொழுகை பற்றிக் கேட்டிருக்கிறார்கள்; பாகப்பிரிவினை பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்வியை எந்த மாணவனும் கேட்டதில்லை. கேட்டிருக்கவும் முடியாது. தொட்டில் ஆட்டுகிறவர்கள் என் வகுப்பில் உட்கார்ந்ததே இல்லையே! "நாளைக்குச் சொல்கிறேன், மகளே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அந்த 'நாளை' வர எனக்கு ஐந்தாறு நாட்கள் பிடித்தன. அந்நாட்களில் எண்ணியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவள் நிலையைச் சொல்லிவிட வேண்டும். நிலை அறியாமல் விதி சொல்லுதல் அறிவுடையோர் வழக்கமன்று. என் மருமகன் வ.உ.சி. துறைமுகத்தில் சரக்குப் பெட்டகங்களை ஏற்றி இறக்கும் பணியில் இருக்கிறார். 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011-இல் கப்பலோட்டிய தமிழரின் பெயரைப் பெற்ற அத்துறைமுகத்துக்கு இரவென்று ஒன்று கிடையாது. கப்பல் வந்து அணைந்தால் விளக்கு எரிய வேண்டும். விளக்கு எரிந்தால் மனிதன் விழித்திருக்க வேண்டும். ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் இரவு ஷிப்ட் என்று அவர் வாழ்க்கை ஓடுகிறது. மகளோ ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. பேறுகாலத்தைக் காயல்பட்டினத்தில் எங்கள் வீட்டில் முடித்துவிட்டு, துறைமுகத்தை அடுத்த ஒரு வாடகை வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. பகலில் அவள் பள்ளிக்குப் போயிருக்கும் நேரம் பிள்ளையைப் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் பார்த்துக்கொள்கிறார். பேரனுக்கு ஏழு மாதம் நிறைந்து எட்டு நடக்கிறது.

பிள்ளை தொட்டிலில் தூங்குவான். ஆனால் தொட்டில் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். கயிறு நின்றால் சற்றைக்கெல்லாம் கண் திறப்பான். இரவில் ஐந்து முறை, ஆறு முறை. மருமகன் இரவு வேலைக்குப் போகும் வாரத்தில் அவள் ஒருத்தியே ஆட்ட வேண்டும். விடிந்ததும் பள்ளிக்குப் புறப்பட வேண்டும். என்னிடம் கேள்வி கேட்டதற்கு முந்தைய இரவு, மூன்று மணிக்கு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்திருந்தவள் தன்னை அறியாமல் கண்ணயர்ந்துவிட்டாள். பிள்ளை மடியிலிருந்து நழுவி முழங்காலில் தங்கியபோது விழித்துக்கொண்டாள். தரையில் விழவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதற்குப் பிறகு விடியும் வரை அவள் உட்காரவே இல்லை, நின்றுகொண்டே இருந்தாளாம்.

உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவர்தான் அந்த முறையைச் சொல்லியிருக்கிறார். பிள்ளையைத் தூங்குவதற்கு முன்பே, விழித்திருக்கும்போதே படுக்கையில் கிடத்திவிட வேண்டும். அழுதால் உடனே தூக்கக் கூடாது. சில நாட்களில் தானே தூங்கக் கற்றுக்கொள்ளும் என்பதே அது. இதைக் கேட்ட என் மனைவி கொதித்துப் போனாள். "பிள்ளை அழ, பெற்றவள் கேட்டுக்கொண்டு இருப்பதா? நம் குடும்பத்தில் நடந்ததுண்டா?" என்றாள். தாய்க்கும் மகளுக்கும் நடுவே கிதாபைத் தூக்கிக்கொண்டு நான்.

இம்முறை புதியதன்று. 1894-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் எம்மெட் ஹோல்ட் என்பவர், நம் மதரஸாப் பாடநூல்களைப் போலவே வினாவும் விடையுமாக ஒரு பிள்ளை வளர்ப்பு நூல் எழுதினார். நோயோ பசியோ இல்லாமல், பழக்கத்தினால் மட்டும் அழுகின்ற பிள்ளையை அழுது ஓயவிடலாம் என்பது அவர் கருத்து. 1928-இல் வாட்சன் என்ற உளநூலறிஞர் இன்னும் ஒருபடி மேலே போனார். பிள்ளையைக் கட்டி அணைக்காதீர்கள், மடியில் வைக்காதீர்கள், வேண்டுமானால் இரவில் நெற்றியில் ஒரு முத்தம், காலையில் கைகுலுக்கல் என்று எழுதிவிட்டார்! தொட்டிற் பிள்ளையோடு கைகுலுக்கச் சொன்ன அந்தப் பெரியவரின் நூலைத் தாய்மார்கள் விலை கொடுத்து வாங்கிப் படித்தார்கள் என்பதை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது. கற்றவர்கள் எதை எழுதினாலும் நம்புகிற பழக்கம் நம்மிடம் மட்டும் இருப்பதன்று.

1985-இல் பாஸ்டன் நகர மருத்துவர் ரிச்சர்ட் ஃபெர்பர் எழுதிய நூல் இவற்றினின்றும் வேறுபட்டது. அவர் காட்டும் காரணம் சிந்தைக்குரியது. இரவில் விழிப்பது பிள்ளை மட்டுமன்று. நாம் எல்லோருமே பலமுறை விழிக்கிறோம். தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உறங்கிவிடுகிறோம். விழித்தது காலையில் நினைவில் இருப்பதில்லை. பிள்ளையோ தொட்டில் ஆட்டத்தில் உறங்கியது. இடையில் விழிக்கும்போது ஆட்டம் இல்லை. உறங்கும்போது இருந்த ஒன்றை விழிக்கும்போது காணாமல் கூப்பிடுகிறது. ஆகவே ஆட்டமில்லாமலே உறங்கத் தொடங்கினால், ஆட்டமில்லாமலே மீண்டும் உறங்கும் என்கிறார் அவர். அழுதால் சில நிமிடம் பொறுத்துப் போய், ஒரு சொல் சொல்லி, தட்டிக் கொடுத்துத் திரும்ப வேண்டும். அந்த இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பச்சிளம் பிள்ளைக்கு இது ஆகாது என்பதை மருத்துவர்கள் வற்புறுத்திச் சொல்கின்றனர்; அதற்கு இரவுப் பசி உண்டு.

இதனால் பிள்ளையின் மனம் நொறுங்கிப் போகுமோ என்ற அச்சம் பலருக்கும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 326 பிள்ளைகளைக் கொண்டு ஆய்ந்து, அவர்களுக்கு ஆறு வயதாகும்போது மீண்டும் பார்த்தார்கள். முடிவு 2012-இல் வெளிவந்தது. இவ்வகை முறைகள் கற்பிக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் நடத்தையிலோ, உறக்கத்திலோ, பெற்றோரிடம் கொண்ட ஒட்டுதலிலோ வேறுபாடு காணப்படவில்லை. தீங்கும் நிலைக்கவில்லை, நன்மையும் நிலைக்கவில்லை. ஆனால் கைக்குழந்தைப் பருவத்தில் உறக்கம் சீரடைந்தது; தாய்மாரின் மனச்சோர்வும் குறைந்தது.

இவ்வளவும் படித்தறிந்த பிறகும் என் மகளுக்கு விடை கிடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. 'தீங்கு வருமா' என்பது மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. அவள் என்னிடம் கேட்டது 'பாவமா' என்பது. இரண்டும் ஒன்றன்று. ஒருவரைப் புறம் பேசுகிறோம். அவர் அதை அறியவே மாட்டார். அவருக்கு ஓர் இழப்பும் நேராமற் போகலாம். ஆயினும் அவருடைய ஹக்கில் நாம் கை வைத்துவிட்டோம். தழும்பு இல்லை என்பதனால் குற்றம் இல்லை என்று ஆகிவிடாது. ஆறு வயதில் பிள்ளை நலமாக இருப்பான் என்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் எட்டாம் மாதத்து நள்ளிரவில் அவன் கூப்பிட்டபோது அவனுக்கு நாம் கடன்பட்டிருந்தது என்ன? அதுவே கேள்வி.

நம் முன்னோர் இதனைப் பற்றி எண்ணாமல் இல்லை. ஹக்கீம் இப்னு ஸீனா தம் 'கானூன்' என்னும் மருத்துவப் பெருநூலில் பிள்ளை வளர்ப்பைச் சொல்லும்போது, குழந்தைக்கு இரண்டு வேண்டும் என்கிறார்: ஒன்று மெல்ல ஆட்டுதல், மற்றொன்று இசைத்து உறங்க வைத்தல். முன்னது உடலுக்கு, பின்னது உயிருக்கு. தமிழரும் இதையேதான் கண்டார்கள். 'தால்' என்றால் நாக்கு. நாவை ஆட்டிப் பாடுவது தாலாட்டு. பிள்ளைத்தமிழ் நூல்களில் தாலப் பருவத்தை ஏழாம் மாதத்தில் வைத்தார்கள் புலவர்கள். நாயகத்தின் மீது பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்களும் அம்மரபையே தழுவினார்கள். மேனாட்டார் எந்த மாதத்தில் தாலாட்டை நிறுத்தலாம் என்கிறார்களோ, ஏறத்தாழ அதே மாதத்தில்தான் தமிழ்ப்புலவன் தாலாட்டைத் தொடங்குகிறான்!

மறுபுறம், ஹிஜ்ரி 751-இல் மறைந்த இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) 'துஹ்ஃபத்துல் மவ்தூத்' என்ற நூலில், பிள்ளையின் அழுகை பெற்றோருக்குப் பாரமாகத் தோன்றலாகாது என்கிறார். அழுகையினால் அதன் உறுப்புகள் பயிற்சி பெறுகின்றன, மார்பு விரிகிறது, குடல் விரிகிறது என்று அக்காலத்து மருத்துவப்படி நன்மைகளை அடுக்குகிறார். தம் மகனுக்குப் பிள்ளை பிறந்தபோது அன்பளிப்பாகக் கொடுக்கக் கையில் வேறொன்றும் இல்லாமல் இந்நூலை எழுதிக் கொடுத்தார் என்று சொல்வார்கள். அவரும் ஒரு பாட்டனாராக இருந்துதான் எழுதியிருக்கிறார். இந்த இடத்தைக் காட்டி 'அழவிடுக' என்று இமாம் ஆணையிட்டதாக ஒருவர் வாதிக்கக் கூடும். நான் அவ்வாறு படிக்கவில்லை. அழுகையைக் கேட்டுக் கலங்கி நிற்கும் பெற்றோருக்கு அவர் ஆறுதல் சொல்கிறார்; எழுந்து போக வேண்டாம் என்று சொல்லவில்லை. கலங்காதே என்பது வேறு, கவனிக்காதே என்பது வேறு.

புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் வரும் ஒரு ஹதீஸ் ஆலிம்கள் பலரும் பயானில் எடுத்துச் சொல்வது. நாயகம் (ஸல்) அவர்கள் நீண்ட நேரம் தொழ வைக்க எண்ணி நிற்பார்கள். பின்வரிசையில் ஒரு பிள்ளை அழும் ஓசை கேட்டால் தொழுகையைச் சுருக்கிவிடுவார்கள். பிள்ளையின் மீது அவர்கள் கொண்ட இரக்கத்துக்கு இதைச் சான்றாகக் காட்டுவோம். நானும் பலமுறை அப்படித்தான் காட்டியிருக்கிறேன். இப்போது மீண்டும் எடுத்துப் படித்தபோது, காரணமாகப் பெருமானார் சொன்னது வேறென்று கண்டேன். அப்பிள்ளையின் தாய் படும் வேதனையை அறிந்தே சுருக்குவதாகச் சொல்கிறார்கள். அழுதது பிள்ளை, தொழுகை சுருங்கியது தாய்க்காக. முப்பது ஆண்டுகள் இதை ஓதிக் கொடுத்தவன் நான். அந்தத் தாய் என் கண்ணில் படவே இல்லை.

இன்னொன்று. இப்னு ஸஅது தம் 'தபகாத்'தில் பதிந்திருப்பது. மதீனாவின் தொழுகைத் திடலில் ஒரு வணிகக் கூட்டம் வந்து தங்கியிருந்தது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை உடன் அழைத்துக்கொண்டு இரவுக் காவலுக்குப் போனார்கள். ஒரு பிள்ளை அழுதது. அதன் தாயிடம் சென்று, இறைவனை அஞ்சிப் பிள்ளையைச் செம்மையாகப் பார்த்துக்கொள் என்று சொல்லித் திரும்பினார்கள். மீண்டும் அழுகை, மீண்டும் போய் அதையே சொன்னார்கள். இரவின் கடைப்பகுதியில் மூன்றாம் முறையும் அழுகை எழவே பொறுமையிழந்து, நீ நல்ல தாயாக இல்லையே, இரவு முழுவதும் உன் பிள்ளை அடங்கவில்லையே என்று கடிந்தார்கள். கேட்பவர் யாரென்று அறியாத அப்பெண், இரவு முழுவதும் நீர் என்னைத் தொல்லைப்படுத்திவிட்டீர், நான் பால்குடி மறக்கடிக்கிறேன், இவன் மறுக்கிறான் என்றாள். ஏன் இத்தனை விரைவு என்று கேட்டார்கள். பால்குடி மறந்த பிள்ளைக்குத்தானே உமர் உதவித்தொகை கொடுக்கிறார் என்றாள் அவள்.

அன்றைய சுபுஹுத் தொழுகையில் கலீஃபாவின் கிராஅத் மக்களுக்கு விளங்கவில்லை. அழுகை அவ்வளவு மிகுந்திருந்தது. தொழுது முடித்ததும், இனிப் பால்குடியை அவசரப்பட்டு மறக்கடிக்க வேண்டாம், பிறந்த பிள்ளை ஒவ்வொன்றுக்கும் உதவித்தொகை உண்டு என்று எங்கும் அறிவிக்கச் செய்தார்கள்.

மூன்று முறை தாயைக் கடிந்தவர் உமர். நான்காவதாகக் கடிந்துகொண்டது தம்மைத்தாமே. பிள்ளை அழுகிறது என்றால் தாயின் மனக்கல்லைப் பற்றிப் பேசத் தொடங்குகிறோம். அவளை அந்த நள்ளிரவில் அங்கே கொண்டுவந்து நிறுத்தியது எது என்று பார்ப்பதில்லை. 1920களில் பம்பாய்ப் பஞ்சாலைகளுக்கு வேலைக்குப் போன தாய்மார்கள், கைப்பிள்ளைக்குச் சிறு அபின் உருண்டையைக் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டுப் போனார்கள் என்பது வரலாற்றில் பதிவான செய்தி. அதைப் படிப்பவர் 'ஐயோ பாவி' என்று தாயைச் சொல்வார். ஆலைச் சங்கை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இன்று நம் நாட்டுச் சட்டம் 2017 முதல் 26 வார மகப்பேறு விடுப்பு என்கிறது. என் மகளுக்கு அவள் வேலை பார்க்கும் இடத்தில் கிடைத்தது அதனினும் குறைவு. கிடைத்தவர்களுக்கும் அது முடிவது பிள்ளையின் ஆறாம் மாதத்தில். தாலப் பருவம் தொடங்கும்போது தாய் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறாள்.

"நம் குடும்பத்தில் நடந்ததுண்டா?" என்று என் மனைவி கேட்டாளே, அதற்கும் விடை சொல்லியாக வேண்டும். நடந்ததில்லைதான். காயல்பட்டினத்து வழக்கில் பெண் தன் தாய்வீட்டிலேயே வாழ்வாள். மணமகன்தான் அங்கே வருவான். ஒரு வீட்டில் உம்மா, உம்மம்மா, பெரியம்மா, ராத்தா, மணமாகாத தங்கைமார் என்று பெண்கள் நிறைந்திருப்பார்கள். தொட்டிற் கயிறு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிக்கொண்டே இருக்கும். ஒருத்தி மீன் ஆய்ந்துகொண்டே காற்பெருவிரலில் கயிற்றை மாட்டி ஆட்டுவாள். ஒருத்தி கலிமா ஓதிக்கொண்டே ஆட்டுவாள். அந்த வீட்டில் எந்தப் பிள்ளையும் தனியே உறங்கக் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொள்ள வேண்டிய தேவை வரவில்லை. ஏனெனில் எந்தத் தாயும் அங்கே தனியே விழித்திருக்கவில்லை. அந்த வீட்டின் வழக்கத்தை எடுத்துக்கொண்டு போய், இரண்டு அறை வாடகை வீட்டில் ஒருத்தியின் தலையில் வைப்பது நீதியா?

இங்கே என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு நான்கு மக்கள். நான்கு பேரின் தொட்டிற் கயிற்றையும் இரவில் ஒருநாள்கூட நான் பிடித்ததில்லை. சுபுஹுக்கு எழ வேண்டும், காலையில் ஓதிக் கொடுக்க வேண்டும் என்று மாடியறையில் போய்ப் படுத்துக்கொள்வேன். கீழே பிள்ளை எத்தனை முறை அழுதது, அவள் எத்தனை இரவு விழித்தாள் என்று எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் பிள்ளைகள் எவ்வளவு நன்றாக வளர்ந்தன என்று மேடையில் பேசும் ஆடவர்களில் பெரும்பாலோர் மாடியில் படுத்தவர்களாகவே இருப்பார்கள்.

விடை எனக்குக் கிடைத்தது கிதாபிலிருந்து அன்று. எங்கள் கரை முத்துக் கரை. மார்க்கோ போலோ எழுதிவைத்த காலத்துக்கும் முன்பிருந்தே இங்கே மனிதன் முத்துக்காகக் கடலுக்குள் இறங்கினான். 1961-இல் தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது. நான் பிறப்பதற்கு முன். ஆயினும் குளித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு கல்லின் மேல் காலை ஊன்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். அடியில் ஒரு நிமிடம், மிஞ்சினால் சற்றுக் கூடுதல். அதற்குள் சிப்பிகளைப் பையில் வாரிப் போட்டுவிட்டுக் கயிற்றை அசைக்க வேண்டும். தோணியில் நிற்பவர் இழுத்துக்கொள்வார். அந்தக் கயிற்றைப் பிடிக்க மைத்துனனைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்பது இக்கரையில் வழிவழியாக வரும் பேச்சு. தன் சகோதரி கைம்பெண்ணாவதை அவன் ஒருபோதும் விரும்பமாட்டான் அல்லவா?

குளிப்பவன் தனியாகத்தான் இறங்குகிறான். அடியில் அவனோடு யாரும் இல்லை. ஆனால் அவன் கைவிடப்பட்டவன் அல்லன். கயிற்றின் மறுமுனையில் ஒருவன் இருக்கிறான். தனிமை வேறு, கைவிடப்படுதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணியதனாலேயே என் மனைவியும் கலங்கினாள், என் மகளும் கலங்கினாள்.

முதியவர் ஒருவர் எனக்கு இன்னொரு நுட்பமும் சொன்னார். கயிறு எப்போதும் அசைந்துகொண்டேதான் இருக்குமாம். அலை அசைக்கும், நீரோட்டம் அசைக்கும். ஒவ்வோர் அசைவுக்கும் இழுத்தால் குளிப்பவன் அடியைத் தொடவே மாட்டான், வெறுங்கையோடு வருவான். அசையட்டும் என்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தால் பிணமாக வருவான். அலையின் அசைவு எது, ஆளின் அசைவு எது என்று கை அறிய வேண்டும். "அது சொல்லிக் கொடுத்து வராது, கயிற்றைப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் வரும்" என்றார்.

பிள்ளையின் ஓசையும் அப்படியே. முனகல் உண்டு, சிணுங்கல் உண்டு, தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே எழும் அரைகுறை அழுகை உண்டு. வலியில், பசியில், அச்சத்தில் எழும் அழுகையும் உண்டு. எல்லாவற்றுக்கும் பாய்ந்து தூக்கினால், தானே திரும்பிப் படுக்க இருந்த பிள்ளையை நாமே எழுப்பியவர்கள் ஆகிறோம். ஒன்றுக்கும் போவதில்லை என்று கடிகாரத்தைப் பார்த்து உறுதி எடுத்துக்கொண்டால், கயிற்றைத் தோணியில் கட்டிவிட்டு உறங்கப் போனவர்கள் ஆகிறோம். ஹோல்ட், வாட்சன் காலத்து முறையில் நான் காணும் பிழை இதுதான். பிள்ளையைக் கீழே கிடத்தியதைப் பிழை என்று சொல்லமாட்டேன். காதை அடைத்துக்கொண்டதே பிழை. பிள்ளையின் ஹக்கு, தூக்கப்படுவது அன்று, கேட்கப்படுவது.

நாயகம் (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்துகொண்டே தொழ வைத்திருக்கிறார்கள். ஸஜ்தாவுக்குப் போகும்போது இறக்கி வைப்பார்கள், எழும்போது தூக்கிக்கொள்வார்கள். இறக்கி வைத்ததில் அன்பு குறைந்துவிடவில்லை. மூஸா (அலை) அவர்களின் தாயார் பிள்ளையைப் பேழையில் வைத்து ஆற்றில் விட்டதைத் திருமறை கூறுகிறது. அதைவிடப் பெரிய 'கீழே வைத்தல்' உண்டா? ஆனால் விட்ட கையோடு, பின்தொடர்ந்து போ என்று தமக்கையை அனுப்பினார்களே! அச்சிறுமி யாரும் அறியாதபடி தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு நடந்தாள். அந்த ஆற்றங்கரையில் நடந்த கால்கள்தாம் அப்பிள்ளையின் கயிறு.

இவற்றையெல்லாம் மகளிடம் சொன்னேன். பாவமன்று என்றேன். ஆனால் இரண்டு நிபந்தனை உண்டு என்றேன். யாரேனும் ஒருவர் விழித்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது ஒன்று. அந்த ஒருவர் எப்போதும் நீயாகவே இருக்கக் கூடாது என்பது மற்றொன்று. பால்குடி மறக்கடிப்பதைக்கூடத் தாயும் தந்தையும் மனமொத்து, கலந்து பேசிச் செய்யுமாறே திருமறை சொல்கிறது; உறக்கம் அதனினும் சிறிய செய்தியா? மருமகனும் அருகில்தான் இருந்தார். தலையைக் குனிந்துகொண்டார். "பகல் ஷிப்ட் வாரத்தில் இரவு என்னுடையது, மாமா" என்றார்.

இரவு ஷிப்ட் வாரம் என்னுடையதாயிற்று. மதரஸாவுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, என் மனைவியையும் வரவழைத்துக்கொண்டு, பத்து நாள் அங்கேயே தங்கினோம். மருத்துவர் சொன்னபடி, தட்டையான விரிப்பில் மல்லாந்து கிடத்தினோம். பால் குடித்து, ஓதி ஊதி, விழித்திருக்கும்போதே கிடத்தினாள் மகள். பிறகு பக்கத்து அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் அதே அறையின் மூலையில் தஸ்பீஹும் கையுமாக உட்கார்ந்தேன்.

அழுதான். அழாமல் இருப்பானா? என் மனைவி முக்காட்டு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு சுவரோடு நின்றாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், இரண்டு நிமிடம். இத்தனை நீண்ட இரண்டு நிமிடத்தை வாழ்நாளில் நான் கண்டதில்லை. போய் நெஞ்சில் கை வைத்தேன். விரலைப் பிடித்துக்கொண்டு விம்மினான். விரலை உருவிக்கொண்டு திரும்பி வந்தபோது, என்னைச் செய்யச் சொன்ன வேலைகளிலேயே கடினமான வேலை இதுதான் என்று தோன்றிற்று. அன்று நான்கு முறை போனேன். மூன்றாம் இரவு ஒரு முறைதான். ஐந்தாம் இரவு பிள்ளைக்குக் காய்ச்சல். கிதாபையும் கடிகாரத்தையும் எடுத்து வைத்துவிட்டு மூவரும் மாறிமாறித் தொட்டில் ஆட்டினோம். யாரும் அதற்காக வருந்தவில்லை. காய்ச்சல் விட்ட பிறகு மீண்டும் தொடங்கினோம்.

ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்து மகள் தொலைபேசியில் பேசினாள். அவர் இரவு வேலைக்குப் போயிருந்தாராம். "இரண்டு மணிக்கு விழித்தான், வாப்பா. ஏதோ முனகினான். நான் போகவில்லை. தானாகவே திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டான்."

"நீ தூங்கினாயா, மகளே?"

"தூங்கினேன், வாப்பா. அவன் முனகல் நின்ற பிறகு."